எதிர்வசனம்

அன்புள்ள தம்பி,

இன்று அப்பாவின் இரண்டாம் நினைவு நாள். லாஸ் ஏஞ்சல்ஸில் நீ பட்டதையெல்லாம் உனக்கே திருப்பிச் சொல்லப் போவதில்லை. அந்த ஒரு விடியற்காலையைப் பற்றி மட்டும் எழுத வேண்டியிருக்கிறது.

2023 நவம்பர். ஹாலிவுட் நடிகர் சங்கத்தின் 118 நாள் வேலைநிறுத்தம் முடிந்து, ஸ்டுடியோக்கள் மறுபடியும் ஆள் தேடத் தொடங்கியிருந்தன. சிறப்புத் திறமையாளர்களுக்கான உன் ஓ-1 விசா முடியவிருந்தது; கையில் வேலை இருப்பதாகக் காட்டாமல் அதை நீட்டிக்க வழியில்லை. நடிகர் தாமே நடித்துப் பதிவுசெய்து தேர்வுக்கு அனுப்பும் செல்ஃப் டேப்புக்கு எதிர்வசனம் வாசிக்க வழக்கம்போல் என்னை அழைத்தாய். உனக்கு டாக்சி ஓட்டுநர் வேடம், மூன்றே வரி. தொண்டையைச் செருமிக்கொண்டு, "யெஸ் சார்" என்பதில் சாரை இழுத்து நீ பேசத் தொடங்கியதும் எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. மேலதிகாரி தொலைபேசியில் அழைத்தால்கூட எழுந்து நின்று பேசியவரின் ஆங்கிலம் அது. "ஊர் சிரிக்க அப்பாதான் கிடைத்தாரா?" என்று கேட்டு அழைப்பைத் துண்டித்தேன். அன்றைக்குள் நீ அதை அனுப்பியாக வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

நீயோ அந்தக் கால ஹாலிவுட் நடிகர் சாபுவைச் சாட்சிக்கு இழுத்தாய். மைசூர் யானைப்பாகன் மகன், 1944இல் அமெரிக்கக் குடிமகனாகி, போர் விமானத்தில் துப்பாக்கி பிடித்துப் பதக்கத்தோடு திரும்பியவர். அவருக்கே பெரும்பாலும் காடும் விலங்கும்தான் கொடுத்தார்கள், வேடத்தை மறுக்க நான் யார் என்றாய். அவர் 39 வயதில் மாரடைப்பில் இறந்ததை நீ சொல்லவில்லை. உனக்கும் அப்போது 39 என்பதால் நானும் சொல்லவில்லை.

அது என்ன தொடர் என்பதையும், பிறகு நீ எழுதிய வரிகளையும் நாலு பேர் படிக்கும் இடத்தில் வைக்க மாட்டேன். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது நாட்டை விட்டு வெளியேறினால் திரும்ப முடியாமல் போகலாம் என்று வழக்கறிஞர் சொன்னதால்தான் நீ அப்பாவின் கடைசி நாட்களுக்கு வரவில்லை என்பது எனக்குப் புரிகிறது. புரிந்தாலும், மருத்துவமனை நாற்காலியில் பதினோரு இரவு உட்கார்ந்திருந்தது நான்தான்.

இத்தனை நாள் மறைத்த ஒன்று உண்டு. அன்று அப்பா அடுத்த அறையில் விழித்திருந்தார். "யாரது, என்னைப் போலவே பேசுகிறான்?" என்று கேட்டார். நீ என்றேன். சிரித்தார், தம்பி, மறுபடி ஒருமுறை பேசச் சொல் என்றார். நான் உன்னைத் திரும்ப அழைக்கவில்லை.

உன்
அக்கா