எலிப் பொட்டலத்தின் எடையும் தீனி அட்டவணையும் குறித்த புகார்

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர்ப் பிரிவு,
உறைந்த இரை விற்பனை நிறுவனம்.

பொருள்: எடை மாறிய எலிகள், உருகி மீண்டும் உறைந்த பொட்டலம், ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்புக்கு ஒவ்வாத தீனி அட்டவணை.

ஐயா / அம்மையீர்,

பெட்டியின் மேல் ‘நடுத்தர எலி, 90–150 கிராம், 10 எண்ணம்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். பத்தையும் தராசில் வைத்துப் பார்த்தோம். சிறியது 168 கிராம், பெரியது 214. ஒன்றுகூட நீங்கள் சொன்ன அளவுக்குள் இல்லை. “கூடுதலாகத்தானே வந்திருக்கிறது” என்கிறது உங்கள் தொலைபேசிப் பிரிவு. கூட அளந்து போட்டால் மகிழ்வதற்கு இது தானியம் அல்ல.

இந்த எலிகளை வாங்கியது 1.1 கிலோ எடையுள்ள ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்புக்கு. உடல் எடையில் பத்து சதவீதம், அதாவது சுமார் 110 கிராம், அதற்கு ஒரு வேளைக்குப் போதும். 214 கிராம் என்றால் ஏறக்குறைய இருபது சதவீதம். இந்த இனம் பெருந்தீனி இனம், கொடுத்தால் மறுக்காது, விழுங்கிவிடும். சிக்கல் பிறகுதான் வரலாம். செரிமான நீர் இரையின் நடுப்பகுதியை எட்டுவதற்குள் அது உள்ளேயே அழுகி வாயு கட்டலாம், பாம்பு கக்கலாம். கூண்டின் சூடான பக்கம் 31–33 டிகிரிக்குக் கீழே இறங்கியிருந்தாலோ, தின்ற இரண்டு நாளுக்குள் பாம்பைக் கையில் எடுத்தாலோ கக்குவது இன்னும் எளிது. கக்கிய பாம்புக்கு 10 முதல் 14 நாள் வரை எதுவும் தரக்கூடாது. அமிலம் பட்டுப் புண்ணான தொண்டை ஆற வேண்டும். அதன்பின் வழக்கமான அளவில் பாதிதான். ஒரு தவறான லேபிள் பாம்பின் ஒரு மாத வளர்ச்சியைத் தின்றுவிடும்.

அடுத்தது, பொட்டலத்தின் அடியில் இரத்தம் கலந்த பனிக்கட்டி தட்டையாக உறைந்திருந்தது. எலிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன, மூன்றின் வயிறு பச்சை பூத்திருந்தது. வழியில் உருகி மறுபடி உறைந்ததற்கு வேறு சாட்சி வேண்டாம். உருகிய நேரத்தில் குடலில் உள்ள பாக்டீரியா பெருகிவிடுகிறது. மறுபடி உறைய வைத்தால் அது முழுதாகச் சாவதில்லை.

இனி, நீங்கள் வெளியிட்ட தீனி அட்டவணை. எங்களுக்கு அதிகக் கோபம் இதன்மேல்தான், ஏனென்றால் முதல் பாம்பு வாங்குபவர் இதை வேதமாக எடுத்துக்கொள்வார். ‘முதல் ஆண்டில் ஐந்து நாளுக்கு ஒருமுறை 20 சதவீதம், பிறகு ஆயுள் முழுக்க வாரம் ஒருமுறை 15 சதவீதம்’ என்கிறீர்கள். 20 கிலோ பெண் பாம்புக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: வாரம் 3 கிலோ, ஆண்டுக்கு 156 கிலோ. தன் எடையைப்போல் கிட்டத்தட்ட எட்டு மடங்கு! இரை விற்பவருக்கு இது நல்ல அட்டவணைதான்.

குஞ்சுக்கு ஏழு நாளுக்கு ஒருமுறை, உடல் எடையில் 10–15 சதவீதம் சரி. ஒரு கிலோவைத் தொட்டதும் 10 சதவீதம், பத்துப் பன்னிரண்டு நாள் இடைவெளி. மூன்று கிலோவுக்கு மேல் இரண்டு வாரம். முழு வளர்ச்சியடைந்த 20 கிலோ பாம்புக்கு மாதம் ஒரு கிலோ முயல் ஒன்று தாராளம். அதிலும் வயதைவிட உடம்பைப் பார்ப்பதே முறை. நேராகக் கிடக்கும்போதே செதில்களுக்கு இடையில் தோல் தெரிந்தால், வளையும் இடத்தில் மடிப்பு விழுந்தால், வால் அடி உப்பியிருந்தால் அது கொழுப்பு. கொழுப்பு முதலில் சேர்வது உடலின் உட்குழியில். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். அள்ளிக் கொடுத்தால் இளம் பாம்பு வேகமாக நீளும் என்பது உண்மை, ஆனால் அந்த வேகத்துக்கான விலையை அதன் ஈரல் கொடுக்கிறது.

இந்தோனேசியாவின் சுலவேசி தீவுக்குத் தெற்கே உள்ள ஜம்பேயா, கலாவோத்தோவா தீவுகளில் வாழும் இதே பாம்பின் குள்ள வகைகளைப் பற்றி அட்டவணையில் ஒரு சொல்கூட இல்லை. அவற்றுக்குப் பெருவகைக் கணக்கில் தீனி போட்டால் நீளத்தைவிடப் பருமன்தான் அதிகம் வரும். ‘இரண்டு வாரம் தின்னாவிட்டால் பெரிய இரை கொடுத்துப் பாருங்கள்’ என்ற வரியையும் நீக்குங்கள். கண் பால்படர்ந்து சட்டை உரிக்கப்போகும் பாம்பும், இணைசேரும் பருவத்து ஆணும் தின்னாமல் இருப்பது இயல்பு.

எங்கள் கோரிக்கை: முழுத் தொகையைத் திருப்பித் தர வேண்டும். இனி பொட்டலத்தில் ‘நடுத்தரம்’ என்ற சொல்லோடு நிறுத்தாமல், தராசில் வைத்துப் பார்த்த குறைந்த, கூடிய எடையையும் உறைய வைத்த தேதியையும் அச்சிட வேண்டும். அட்டவணையைத் திரும்பப் பெற்று, ஊர்வன மருத்துவர் ஒருவர் சரிபார்த்த பின்னரே மீண்டும் வெளியிட வேண்டும்.

பத்து எலிகளும் உறைபெட்டியில் அப்படியே இருக்கின்றன. எடை எடுத்த படங்களை இத்துடன் இணைத்துள்ளோம். ஏழு நாளுக்குள் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் அந்த இடம் எங்களுக்குத் தேவைப்படும்.

இப்படிக்கு,
மலைப்பாம்பு வளர்ப்போர் சிலர்