சின்னவளின் கபடி பற்றி அண்ணிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணிக்கு,

பத்தாவது வந்ததும் சின்னவளின் கபடியை நிறுத்திவிடப் போவதாகப் போனில் சொன்னீர்கள். அப்போது பேசாமல் இருந்துவிட்டேன். நாத்தனார் புத்தி சொல்ல வந்துவிட்டாள் என்று நினைத்தாலும் சரி, எழுதிவிடுகிறேன்.

மெடல் வாங்குவாள், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்கும் என்றெல்லாம் ஆசை காட்ட மாட்டேன். அந்த வரிசை ரொம்ப நீளம்.

கண்ணகி நகர் கார்த்திகாவை டிவியில் பார்த்திருப்பீர்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில், இறுதி ஆட்டத்தில் ஈரானை 75-21 என்று துவைத்தெடுத்த இந்தியப் பெண்கள் கபடி அணிக்குத் துணைக் கேப்டன். தமிழ்நாடு அரசு 25 லட்சம் கொடுத்தது. எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. சென்னைக்குள் ஆற்றோரம் இருந்த குடும்பங்களைப் பெயர்த்துக் கொண்டுபோய் வைத்த இடம் கண்ணகி நகர். அந்தப் பெயரைச் சொன்னால் வேலை தர மாட்டார்கள் என்று முகவரியை மாற்றிச் சொன்னவர்கள் உண்டு. இன்று அதே பெயரைச் சேர்த்துத்தான் அந்தப் பெண்ணைக் கூப்பிடுகிறார்கள். ஒரு தங்கத்தால் அங்கே யார் வீடும் பெரிதாகிவிடவில்லை, அதுவும் தெரியும்.

சரி, நம் சின்னவள். பொங்கல் ஆட்டத்தில் ரைட் கார்னரில், அதாவது பிடிக்கிறவர்கள் வரிசையின் வலது ஓரத்தில், நின்றாள். எதிரணியிலிருந்து ரைடு, அதாவது பாடி, வந்த பெண் இவளைவிட ஒரு சாண் உயரம். பக்கத்தில் நின்றவளின் கையைப் பிடித்தபடி, முன்னே வருவதும் பின்வாங்குவதுமாகப் போக்குக் காட்டி, ரைடு வந்தவளை உள்ளே வரவைத்தாள். கூடுதல் புள்ளிக்கான போனஸ் கோட்டுக்கு அவள் கால் நீட்டிய நொடியில் கணுக்கால் இவள் கையில். மற்றவர்கள் மேலே வந்து விழாவிட்டால் அந்தப் பெண் இவளையும் இழுத்துக்கொண்டே நடுக்கோட்டைத் தொட்டுத் தப்பியிருப்பாள். விழுந்தார்கள். மேலத்தெருப் பெண்ணும் காலனிப் பெண்ணும் கைகோத்து நிற்கிற இடம் நம் ஊரில் வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

அப்புறம் அந்த ஷார்ட்ஸ். ஊர் என்ன சொல்லும் என்றீர்கள். அந்த ஊர்தானே கயிற்றுக்கு வெளியே நின்று விசிலடித்தது? சாயங்காலம் ஆறு மணிக்குப் பெண்பிள்ளைகள் மைதானத்தில் நிற்பதே இந்த டீம் வந்த பிறகுதான். அந்த வயதில் நானெல்லாம் அந்தப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு போனவள்.

படிப்பைப் பற்றிய பயம் நியாயம்தான். காலைப் பயிற்சியை விடட்டும், பரீட்சை முடியும்வரை வெளியூர் டோர்னமென்ட்டும் வேண்டாம். மாலை ஒரு மணி நேரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். கணக்கு என் பொறுப்பு, ஞாயிறுதோறும் வீடியோ காலில். அண்ணனிடமும் நானே பேசிக்கொள்கிறேன். அவளுடைய நீ-கேப் கிழிந்திருந்தது, சைஸ் கேட்டு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்