யூரெயில் பாஸ் விற்பனையில் தவறான தகவல்: பணத்தைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
கிளை மேலாளர்,
வெளிநாட்டுச் சுற்றுலாப் பிரிவு.

பொருள்: ஐரோப்பிய ரயில் பாஸ் குறித்துத் தவறான தகவல் தந்ததால் ஏற்பட்ட செலவு தொடர்பாக.

ஐயா,

வணக்கம். கடந்த மே மாதம் நானும் என் கணவரும் மாமனாரும் பாரிஸ், இன்டர்லாக்கன், மிலன், ஃபுளோரன்ஸ், ரோம் என்று சுற்றிவர உங்கள் கிளையில் விமானம், விசா, ஹோட்டல், ரயில் எல்லாவற்றையும் சேர்த்தே பதிவு செய்தோம். மற்றதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விசா வேலையை உங்கள் ஊழியர் கச்சிதமாக முடித்துக் கொடுத்தார். இந்தக் கடிதம் ரயிலைப் பற்றி மட்டும்.

தனித்தனியாக டிக்கெட் எடுத்தால் எவ்வளவு ஆகும் என்று முதல் நாளே கேட்டேன். "அதெல்லாம் அலைச்சல் மேடம். பாஸ் இருந்தா போதும், எந்த ட்ரெயின்லயும் ஏறிக்கலாம்" என்றார்கள். ஐரோப்பாவின் பல நாடுகளில் செல்லுபடியாகும், ஒரு மாதத்துக்குள் ஏழு நாள் பயணம் செய்யக்கூடிய இரண்டாம் வகுப்பு யூரெயில் குளோபல் பாஸ் மூன்றை, ஆளுக்கு 381 யூரோ என்று விற்றீர்கள். நான் கேட்ட டிக்கெட் கணக்கு கடைசிவரை வரவில்லை.

எந்த ரயிலிலும் ஏறலாம் என்பது ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் ஓரளவு பொருந்தும். சுவிட்சர்லாந்தின் உள்நாட்டு ரயில்களிலும் பெரும்பாலும் பாஸைக் காட்டினால் போதும். பாசலிலிருந்து இன்டர்லாக்கனுக்கு அப்படித்தான் நிம்மதியாகப் போனோம். பிரான்சின் டி.ஜி.வி., இத்தாலியின் ஃப்ரெச்சியாரோஸா போன்ற அதிவேக ரயில்களில் அது நடக்காது. கையில் பாஸ் இருந்தாலும் இருக்கையை முன்பதிவு செய்து, அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். பாஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒதுக்கும் இடங்களும் பல ரயில்களில் கொஞ்சம்தான். பாரிஸ் கார் து லியோன் நிலையத்திலிருந்து பாசல் செல்லும் லிரியா என்ற டி.ஜி.வி. ரயிலில் அந்த ஒதுக்கீடு ஏற்கெனவே தீர்ந்துபோயிருந்தது. அன்றிரவு இன்டர்லாக்கனில் ஹோட்டல் அறை காத்திருந்தது. மூன்று பேருக்கும் முழுக் கட்டணத்தில் டிக்கெட் எடுத்தோம். அதே வழித்தடத்தில் மாதங்களுக்கு முன்பே எடுத்திருந்தால் மலிவு டிக்கெட் கிடைத்திருக்கும்.

மிலன் நகரில் இன்னும் மோசம். உங்கள் ஊழியர் சொன்னதை நம்பி, ஃபுளோரன்ஸ் செல்லும் ஃப்ரெச்சியாரோஸாவில் பாஸோடு ஏறி உட்கார்ந்தோம். பரிசோதகர் மரியாதையாகவே பேசினார், ஆனால் முன்பதிவு இல்லாததற்கு மூவருக்கும் அபராதம் எழுதினார். விதி அதுதான் என்பதால் ரயில்வே மீது எனக்கு வருத்தமில்லை. வயதான என் மாமனார் பெட்டி முழுக்கப் பார்க்க டிக்கெட் இல்லாதவர்போல உட்கார்ந்திருந்ததற்கு மட்டும் ரசீது இல்லை.

நான் முக்கியமாகக் கேட்பது இதைத்தான். பாஸின் பெரிய லாபம், நினைத்த நாளில் நினைத்த ரயிலைப் பிடிக்கலாம் என்பது. காலையில் எழுந்து எந்த ஊருக்குப் போகலாம் என்று முடிவு செய்பவர்களுக்கு அது நல்ல பொருள். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பெரியவரின் பாஸோடு கட்டணமில்லாமல் பாஸ் கிடைப்பதால் சில குடும்பங்களுக்கும் கட்டுப்படியாகும். நாங்களோ ஷெங்கன் விசாவுக்காக எந்தத் தேதியில் எந்த ஊர், எந்த ஹோட்டல் என்று எழுதிக் கொடுத்தவர்கள். அதைத் தயாரித்ததே உங்கள் அலுவலகம். தேதியெல்லாம் அவ்வளவு முன்கூட்டியே உறுதியாகிவிட்டவர்கள், மாற்ற முடியாத மலிவு டிக்கெட்டை எடுப்பதுதானே முறை? அந்தப் பயணத் திட்டத்தில் ஊர்விட்டு ஊர் போகும் நாட்கள் நான்குதான். நான்கு நாள் பாஸும் விற்பனையில் இருக்கும்போது ஏழு நாள் பாஸ் எதற்கு? மிச்ச நாளை வீணாக்க வேண்டாமே என்று பீசா போய்வர ஒன்றைப் பயன்படுத்தினோம். உங்கள் விலையில் பாஸின் ஒரு நாள் சுமார் 54 யூரோ. ஃபுளோரன்ஸ்–பீசா வட்டார ரயிலுக்கு ஒரு வழிக் கட்டணம் பத்து யூரோ அளவுதான், அதையும் அன்றைக்கே போய் வாங்கலாம்.

யுங்ஃப்ராவ்யோக் மலை ரயிலும் பாஸில் அடக்கம் என்று சொன்னீர்கள். இன்டர்லாக்கன் கவுன்டரில் கேட்டால், யூரெயிலுக்கு 25 சதவீதத் தள்ளுபடி மட்டுமே. சுவிட்சர்லாந்தின் அரைக் கட்டண அட்டையை வெளிநாட்டுப் பயணிகளும் வாங்கலாம், அதில் இதே மலை ரயிலுக்குப் பாதிக் கட்டணம். அப்படி ஒரு அட்டை இருப்பதை வரிசையில் நின்றிருந்த ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

அடுத்தது என் மாமனார் விஷயம். அவருக்கு 67 வயது. அறுபது வயதானவர்களுக்கு யூரெயில் 10 சதவீதம் குறைத்தே விற்கிறது. அவருடைய பாஸ்போர்ட் நகல் உங்கள் கோப்பில் இருந்தும் முழு விலையே வாங்கியிருக்கிறீர்கள். இதற்கு எந்த விளக்கமும் எனக்குத் தோன்றவில்லை.

ஊர் திரும்பியதும் தொலைபேசியில் முறையிட்டேன். "ஆக்டிவேட் செய்த பாஸுக்கு ரீஃபண்ட் கிடையாது" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். பாஸுக்கான பணத்தை நான் கேட்கவில்லை. உங்கள் தவறான தகவலால் நாங்கள் மேற்கொண்டு செலவழித்ததைக் கேட்கிறேன்: பாரிஸ்–பாசல் டிக்கெட் மூன்றின் விலை, மிலன் அபராதம், மாமனாரின் பாஸில் அதிகமாக வாங்கிய தொகை, ரயில் பகுதிக்கு நீங்கள் பிடித்த சேவைக் கட்டணம். ரசீதுகளின் நகல்களையும், "எந்த ரயிலிலும் ஏறலாம்" என்று உங்கள் ஊழியர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியின் படத்தையும் இணைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தேவை. வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் சேவைக் குறைபாடு என்று கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு செய்வேன். உங்கள் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர அந்தச் சட்டம் இடம் தருகிறது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்