உதிர்ந்த சருகைச் சித்திரை முடியும்வரை விட்டுவையுங்கள்

மதிப்பிற்குரிய நகராட்சி ஆணையர்களுக்கும் பூங்காப் பராமரிப்புக்குப் பொறுப்பான அலுவலர்களுக்கும் வணக்கம்.

பங்குனி மாதத்தில் தமிழகத்து ஊர்ப் பூங்காக்களில் நடைபெறும் துப்புரவுப் பணி தொடர்பாக ஒரு வேண்டுகோளை முன்வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். புங்கையும் வேம்பும் இலையுதிர்த்துத் துளிர்விடும் அந்த வாரங்களில்தான், புரட்டாசி, ஐப்பசியில் வடக்கிலிருந்து வந்து நம்மோடு தங்கியிருந்த சிறு பறவைகள் ஊர் திரும்பத் தயாராகின்றன.

சென்ற ஆண்டு பங்குனிக் கடைசியில் ஒருநாள், வெளிச்சம் பரவுமுன்பே எங்கள் பூங்காவின் பின்மதில் ஓரம் போய் உட்கார்ந்திருந்தேன். முதலில் ஆறுமணிக்குருவியின் குரல் கேட்டது. விடியலிலும் அந்தியிலும் ஏறத்தாழ அந்த நேரத்தில் கூவுவதால் நம் மக்கள் வைத்த பெயர் அது. சற்று நேரத்தில் பச்சை முதுகும் சிவந்த அடிவயிறுமாகப் புங்கையடியில் இறங்கி, சருகை அலகால் புரட்டிப் புரட்டி இரை தேடியது. அதற்கு அப்பால் கொடிக்கால் வாலாட்டி ஒன்று, மற்ற வாலாட்டிகளைப் போல் மேலும் கீழுமாக அல்லாமல், வாலைப் பக்கவாட்டில் அசைத்தபடி நடந்தது. வெற்றிலைக் கொடிக்கால் போன்ற நிழலான தரையை நாடும் பறவைக்கு எத்தனை பொருத்தமான பெயர்! நொச்சிப் புதருக்குள் நாணல் கதிர்க்குருவி கண்ணில் படாமல் 'டக், டக்' என்று ஒலித்துக்கொண்டிருக்க, செந்தலைப் பூங்குருவியும் பழுப்பு ஈப்பிடிப்பானும் வந்து சேர்ந்தன.

இவ்வாண்டு அதே வாரத்தில் சென்றபோது சருகு முழுவதும் கூட்டிக் குவிக்கப்பட்டுப் புகைந்துகொண்டிருந்தது. நொச்சிப் புதர் முழங்கால் உயரத்துக்கு வெட்டப்பட்டிருந்தது. தொடர்ந்து மூன்று நாள் விடியலில் காத்திருந்தும் ஆறுமணிக்குருவியின் குரல் கேட்கவில்லை. தூய்மைப் பணியாளர்கள் மீது எனக்குக் குறையேதும் இல்லை. இட்ட பணியைச் செய்தார்கள். அந்தப் புகையை முதலில் சுவாசித்தவர்களும் அவர்களே.

இப்பறவைகளின் பயணத்தைத் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆறுமணிக்குருவி இங்கிருந்து நடு இந்தியக் காடுகளுக்கும் இமயமலை அடிவாரத்துக்கும் சென்று கூடு கட்டுகிறது. பத்துப் பன்னிரண்டு கிராம் எடையே உள்ள நாணல் கதிர்க்குருவியின் இனப்பெருக்க நிலமோ மத்திய ஆசியாவிலிருந்து ரஷ்யா, பின்லாந்து வரை விரிந்து கிடக்கிறது. இத்தகைய சிறு பறவைகளில் பெரும்பாலானவை இரவில் பறப்பவை. பறப்பதற்கான எரிபொருள் உடலில் சேர்த்து வைக்கும் கொழுப்புதான். அதைப் புறப்படுவதற்கு முந்தைய வாரங்களில் பூச்சியும் புழுவும் தின்றே சேர்த்தாக வேண்டும். அந்தப் பூச்சியும் புழுவும் இருப்பது நாம் குப்பையென்று கருதி எரிக்கும் சருகின் அடியில்.

பாம்பு வரும், கொசு பெருகும் என்று பொதுமக்கள் முறையிடுவதை நான் அறிவேன். அந்த அச்சம் நியாயமானதே. ஆகவே நடைபாதையையும் குழந்தைகள் விளையாடும் இடத்தையும் எப்போதும்போல் கூட்டிச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்றே நானும் கேட்கிறேன். ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நீரில் முட்டையிட்டுப் பெருகுவது. காய்ந்த சருகில் அல்ல. அகற்ற வேண்டியவை நீர் தேங்கும் தேங்காய்ச் சிரட்டையும் பழைய டயரும் பிளாஸ்டிக் குவளையும்தான். சருகு மூடிய மண்ணில் ஈரம் நிற்பதால், கோடையில் மரங்களுக்கு லாரித் தண்ணீர் ஊற்றும் செலவும் குறையும். பொது இடங்களில் கழிவை எரிப்பதை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே தடைசெய்தன என்பதையும் பணிவுடன் நினைவூட்டுகிறேன்.

ஒவ்வொரு பூங்காவிலும் மக்கள் நடமாட்டம் குறைந்த ஒரு பின்புறப் பகுதியையாவது, மாசித் தொடக்கத்திலிருந்து சித்திரை முடியும்வரை, கூட்டாமலும் எரிக்காமலும் புதர்களை வெட்டாமலும் விட்டுவைக்குமாறு ஓர் ஆணை பிறப்பிக்க வேண்டுகிறேன். அதற்குமேல் அகற்றியே ஆக வேண்டுமானால் பூங்காவிலேயே குழி எடுத்து உரமாக்கலாம். அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுக்கும் நாளில் விடியற்காலை ஐந்தே முக்காலுக்குத் தங்கள் அலுவலர் ஒருவரை அனுப்பிவைத்தால், பறவைகள் எந்தெந்த மரத்தடியில் இறங்குகின்றன என்று உடன் நின்று காட்ட அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
பூங்காவுக்கு நாள்தோறும் வரும் ஒரு குடிமகன்