பழத்தோட்ட விவசாயிகள் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், கூட்டத்துக்கு வந்தவங்க, வராதவங்க எல்லாருக்கும் வணக்கம். பொதுக்குழுவுல எனக்கு குடுத்த நேரத்துல பாதி மைக் சரி பண்றதுலயே போச்சு, மீதில சந்தா பத்தி வாயத் தொறந்ததும் சாப்பாடு ரெடின்னு சொல்லிட்டாங்க. அதனால படிக்காம விட்டதையும் சேர்த்து முழுசா இங்க போடுறேன், பொறுமையா படிங்க.

செயற்குழு ஒழுங்கா கூடுச்சு. கவாத்து பயிற்சியும் (வேண்டாத கிளையை வெட்டி விடுறது) ஒட்டு கட்டுற பயிற்சியும் நடந்துச்சு. மண் பரிசோதனைக்கு மாதிரி எடுத்து அனுப்பினோம், ரிசல்ட் வந்தும் வாங்க ஆள் வரல, சீட்டெல்லாம் இன்னும் என்கிட்டதான் கிடக்கு.

இந்த வருஷத்தோட பெரிய வேலை மண் ஈரத் திட்டம். "செயலாளர் சங்கக் காசை எடுத்து பொம்மை வாங்கிட்டாரு"ன்னு சிலர் பேசுறது என் காதுக்கும் வந்துச்சு, அதனால இதை கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

மழை குறைஞ்சு போச்சுன்னு எல்லாரும் சொல்றோம். பல வருஷம் மொத்த அளவு பெருசா குறையல, பெய்யுற விதம்தான் மாறிடுச்சு. காத்து 1 டிகிரி செல்சியஸ் சூடானா சுமார் 7 சதவீதம் கூடுதலா நீராவியைத் தாங்கும், அதனால கொட்டுனா ஒரேயடியா கொட்டுது, நின்னா வாரக்கணக்குல நின்னு போயிடுது, நடுவுல வெயில் வேற மண்ணுல இருக்குற ஈரத்தையும் இழுத்துடுது. ஒரு ஏக்கர்ல 1 மில்லிமீட்டர் மழைன்னா சுமார் 4000 லிட்டர் தண்ணி. ஒரே ராத்திரில 50 மில்லிமீட்டர் கொட்டுச்சுன்னா ஏக்கருக்கு 2 லட்சம் லிட்டர் வந்து இறங்குது, அதுல முக்கால்வாசி மேல்மண்ணையும் வாரிக்கிட்டு ஓடைக்குப் போனா அடுத்த மாசம் நாம மோட்டாரை எவ்வளவு நேரம் ஓட்டித்தான் என்ன பண்றது? போன பொதுக்குழுவுல நான் சொன்னது இதைத்தான். ஆனா அன்னிக்கு பேசினவங்கள்ல பாதிக்கும் மேல "போர் இன்னும் ஆழமா போடுவோம்"ன்னாங்க. தோட்டம் தோட்டமா ஆழம் போட்டுக்கிட்டே போனா பக்கத்து தோட்டத்து தண்ணியத்தான் இழுக்குறோம், அதுக்கு சங்கம் எதுக்கு?

சரின்னு ஒரு உறுப்பினர் தோட்டத்துல சில வரிசை மட்டும் கேட்டு வாங்கி மூடாக்கு போட்டோம். கவாத்து கழிவு, காஞ்ச இலை, வைக்கோல்னு கிடைச்சதை 10 சென்டிமீட்டர் கனத்துக்கு, மரத்தோட நிழல் விழுற ஓரம் வரைக்கும் பரப்பணும், தூரை ஒட்டி மட்டும் ஒரு சாண் விட்டுடணும். இதை எத்தனை தடவை சொல்லியாச்சு. அப்படியும் ஒருத்தர் தன் தோட்டத்துல தண்டைச் சுத்தி மலை மாதிரி குமிச்சு வச்சு, பட்டை அழுகினதும் சங்கம் சொல்லித்தான் செஞ்சேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறாரு. பயிற்சி அன்னிக்கு அவர் வரவே இல்ல, வருகைப் பதிவேடு இருக்கு, யார் வேணா பாக்கலாம். இன்னொரு சந்தேகம், மரத்துண்டு தழைச்சத்தை இழுத்துக்காதான்னு கேட்டாங்க. பச்சை மரத்துண்டை மண்ணுக்குள்ள போட்டு உழுதா இழுக்கும், மேல பரப்புனா பெருசா பாதிக்காது.

அடுத்தது அந்த 'பொம்மை', மண்ணு எவ்வளவு காஞ்சிருக்குன்னு காட்டுற டென்சியோமீட்டர். அடியில பீங்கான் முனை, நடுவுல தண்ணி நிரப்புன குழாய், மேல ஒரு மீட்டர், அவ்வளவுதான். மண்ணு காய காய குழாய்ல இருக்குற தண்ணியை உறிஞ்சும், அந்த இழுவையை முள்ளு சென்டிபார்ங்கற அளவுல காட்டும், காய காய எண்ணு ஏறும். 10லேர்ந்து 30க்குள்ள நின்னா பெரும்பாலான மண்ணுல வேருக்குப் போதுமான ஈரம் இருக்குன்னு அர்த்தம், மோட்டார் பக்கமே போக வேண்டாம், அதுக்கு மேல எந்த இடத்துல தண்ணி விடுறதுங்கறது மண்ணைப் பொறுத்தது, மணல்ல சீக்கிரம், களிமண்ணுல கொஞ்சம் பொறுத்து. ஒண்ணை 30 சென்டிமீட்டர் ஆழத்துலயும் இன்னொண்ணை 60லயும் வச்சோம், ரெண்டையும் சேர்த்துப் பாத்தாத்தான் தண்ணி எவ்வளவு தூரம் இறங்குச்சுன்னு தெரியும். மூடாக்கு போட்ட வரிசையில முள்ளு மெதுவாத்தான் ஏறுச்சு, வெறும் மண்ணு வரிசையில சட்டுனு ஏறிடுச்சு, நோட்டுல தேதியோட இருக்கு. அந்த நோட்டுல முக்கால்வாசி என் கையெழுத்துதான் இருக்கும். முறை போட்டு தினம் ஒருத்தர் அளவெடுக்கணும்னு தீர்மானம் போட்டப்ப கை தூக்காத ஆளே இல்ல, அப்புறம் ஒருத்தருக்கு கல்யாணம், ஒருத்தருக்கு முட்டிவலி, ஒருத்தர் போனையே எடுக்கல. நான் ஊர்ல இல்லாத நேரத்துல முள்ளு 80ஐத் தாண்டிடுச்சு. அந்த அளவுக்குக் காஞ்சா குழாய்க்குள்ள காத்து பூந்துடும், முள்ளு பூஜ்யத்துக்கு வந்துடும், திரும்ப தண்ணி நிரப்பணும். அதைச் செய்ய ஒருத்தரும் இல்ல, ஆனா "கருவி கெட்டுப் போச்சு"ன்னு குரூப்புல போட்டோ போட மட்டும் நேரம் இருந்துச்சு!

தண்ணி விடுறது மாதிரியே நிறுத்துறதும் ஒரு வேலைதான். மாமரத்துக்கு பூவெடுக்குறதுக்கு முன்னாடி கொஞ்ச காலம் தண்ணி விடாம மண்ணு காயணும், அப்ப பாசனம் பண்ணா பூவுக்குப் பதிலா கொழுந்து தள்ளும். மாதுளையும் எலுமிச்சையும் ரொம்ப நாள் காயப்போட்டுட்டு திடீர்னு வெள்ளமா விட்டா வெடிக்கும், தோலு இறுகிப் போயிருக்கும், உள்ள மட்டும் சட்டுனு உப்பிடும். இந்த வருஷம் வெடிப்பு ஜாஸ்தின்னு புலம்புனவங்க கொஞ்சம் கொஞ்சமா, ஆனா தவறாம விடுங்க, அது போதும்.

இதுக்கு நேர் எதிரா களிமண் தோட்டக்காரங்க கதை. மழை நின்னப்புறமும் தண்ணி வடியாம நின்னா வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காது, வேர் தண்ணி எடுக்குறதை நிறுத்திடும், தண்ணிக்குள்ளயே நின்னுக்கிட்டு இலை வாடும். அதைப் பாத்துட்டு காயுதுன்னு இன்னும் மோட்டாரைப் போடுறாங்க. வடிகால் வெட்டணும், புதுசா நடுறவங்க மேடு கட்டி நடணும். வடிகால் வெட்ட ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாரும் வரணும்னு அறிவிச்சோம், வந்தவங்களுக்கு நன்றி, வராதவங்க யாருன்னு அவங்களுக்கே தெரியும்.

சொட்டு நீர் பத்தி ஒண்ணு சொல்லிடுறேன். நான் தூறல் போடுறப்ப மோட்டாரை ஓட்டுனதைப் பாத்து சிரிச்சவங்க இருக்காங்க. உப்புத் தண்ணி போர் உள்ள தோட்டத்துல உப்பு போய் ஈர வட்டத்தோட ஓரத்துல படியும், லேசா தூறுனா அது கரைஞ்சு வேர்ப்பக்கம் வரும், அந்த நேரத்துல சொட்டு ஓடுனாத்தான் உப்பு திரும்ப வெளியவும் கீழயும் தள்ளப்படும். நல்ல மழைன்னா வேண்டாம், தூறலுக்கு மட்டும்தான். சிரிச்சவங்க அடுத்த தடவை கேட்டுட்டு சிரிக்கலாம்.

பசுந்தாள் உரத்துக்கு சணப்பும் தக்கைப்பூண்டும் வரிசை நடுவுல விதைக்க விதை குடுத்தோம். வாங்கினவங்கள்ல சிலர் பூக்குற நேரத்துல மண்ணோட மடக்கி விட்டாங்க, சிலர் மாட்டுக்குப் போட்டுட்டாங்க, மாடாவது பொழச்சுச்சு.

வரவு செலவு விவரம் பொருளாளர்கிட்ட இருக்கு. வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி, கையிருப்பு கொஞ்சம் இருக்கு, கருவி வாங்கினதுக்கு செயற்குழு தீர்மானமும் ரசீதும் இருக்கு. வராதது சந்தா மட்டும்தான். சில பேர் பாக்கி எந்த வருஷத்துலேர்ந்துன்னு பாக்க பழைய ரெஜிஸ்டரைத் தூசி தட்ட வேண்டியிருக்கு. பேர் போட வேண்டாம்னு தலைவர் கேட்டுக்கிட்டதால போடல. ஆனா விதை வாங்க, கன்னு வாங்க முதல் வரிசையில நிக்குறவங்களும் அந்த பாக்கிக்காரங்களும் பெரும்பாலும் ஒரே ஆளுங்கதான்னு மட்டும் சொல்லி வைக்குறேன்.

தோட்டத்துல இடம் குடுத்த உறுப்பினருக்கும், வண்டி குடுத்தவருக்கும், கூட்டத்துக்கு நாற்காலி போட்ட பசங்களுக்கும், தலைவருக்கும் பொருளாளருக்கும் நன்றி.

வர்ற வருஷத்துக்கு கவாத்து கழிவை நொறுக்குற மிஷின் ஒண்ணு சங்கத்துக்கு வேணும். இப்ப ஆளாளுக்கு தோட்டத்துல கொளுத்துறோம், மண்ணுக்குப் போக வேண்டியது புகையா போகுது. பாக்கி சந்தா முழுசா வந்தாலே மிஷினுக்கு முன்பணம் கட்டிடலாம், தனியா வசூல் வேண்டாம். அப்புறம் அளவெடுக்குற வேலை. நான் செயலாளரா தொடரணும்னு சிலர் அன்பா சொல்றாங்க, சந்தோஷம், ஆனா தனி ஆளா அந்த நோட்டை இன்னொரு வருஷம் சுமக்க என்னால முடியாது. வாரத்துல ஒரு நாள் எடுத்துக்க ஏழு பேர் வேணும். அடுத்த செயற்குழுவுக்கு முன்னாடி பேர் குடுங்க. வரலன்னா மீட்டரையெல்லாம் பிடுங்கி, கழுவி, நோட்டோட சேர்த்து பொருளாளர்கிட்ட ஒப்படைச்சுட்டு கையெழுத்து வாங்கிக்குவேன்.

இப்படிக்கு,
செயலாளர்