அப்பாவின் கடன் நோட்டு

ஈசூன், சிங்கப்பூர்
ஞாயிறு இரவு

அன்பு மகன் ஜோயலுக்கு,

கர்த்தருடைய கிருபை உன்னோடும் மருமகளோடும் பிள்ளையோடும் இருப்பதாக. போன வாரம் நீ போனை வைத்த விதம் எனக்கு வலித்தது. ஆனால் நீ கேட்டது தப்பான கேள்வி இல்லை. "அப்பாவைத் தள்ளிவிட்டவனை வீட்டுக்குள் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தீங்களா?" என்று கேட்டாய். ஆமாம், கொடுத்தேன். போனில் எனக்குச் சரியாகப் பேச வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2009 மார்ச்சில் நீ முகாமில் இருந்தாய். தேசிய சேவை முடிய ஐந்து மாதம் இருந்தது. ஞாயிறுதான் நம் கடைக்குப் பெரிய வியாபாரம். தங்குவிடுதியில் இருக்கும் பையன்கள் எல்லாம் அன்றைக்குத்தான் வருவார்கள். அன்று இரவு கடையைச் சாத்திவிட்டு அப்பா லிஃப்டுக்குக் காத்திருந்தபோது அவன் பையைப் பறித்தான். அப்பா விடவில்லை, அவன் தள்ளினான். இடுப்பெலும்பு முறிந்தது. பையில் 2,310 வெள்ளியும் நீலத் துணி அட்டை போட்ட அந்த நீள நோட்டும் இருந்தன.

பணம் போனதை அப்பா இரண்டு வாரத்தில் மறந்துவிட்டார். நோட்டு போனதைக் கடைசிவரை மறக்கவில்லை. யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அதில்தான் இருந்தது. சிலர் தாங்களாகவே வந்து, "அண்ணாச்சி, எனக்கு இருபது வெள்ளி இருக்கும்" என்று கொடுத்தார்கள். லாரி ஓட்டும் செல்வம் மருத்துவமனைக்கே வந்து கொடுத்துவிட்டுப் போனார். பலர் வரவில்லை. இருபது வருடமாக யாரையும் சந்தேகப்படாத மனிதர், வராதவர்களின் முகத்தை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பதினோரு மாதத்தில் கடையை விட்டோம். நீ படிக்கப் போகாமல் வேலைக்குப் போனாய்.

வழக்கு நடந்ததே, அதன் தலைப்பை நீ கவனித்தாயா? அரசாங்க வழக்கறிஞர் ஒரு பக்கம், அந்தப் பையன் ஒரு பக்கம். அப்பா பெயர் அதில் இல்லை. அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் அப்பாவைச் சாட்சி சொல்லவும் கூப்பிடவில்லை. பதினேழு வயது என்பதால் சிறைக்கும் பிரம்படிக்கும் பதிலாகச் சீர்திருத்தப் பயிற்சி நிலையம் என்று தீர்ப்பானது. "ஒரு பிரம்படிகூட இல்லையா?" என்று நீ கத்தினாய். நானும் அப்படித்தான் நினைத்தேன், அதை மறைக்க மாட்டேன். அப்பா மட்டும் வேறொன்று கேட்டார். "நோட்டை என்ன செய்தான்னு யாராவது கேட்டாங்களா?"

யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

உன் தாத்தா பைபிள் கதைகளோடு சேர்த்து மனுநீதிச் சோழன் கதையும் சொல்வாரே, அது அந்த நாட்களில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது. கன்றை இழந்த பசு மணியை அடித்தது. ராஜா தன் மகனைத் தேர்க்காலில் இட்டார். ராஜாவின் நேர்மையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நேரத்தில் பசுவுக்கு என்ன கிடைத்தது? பிள்ளையை இழந்து நின்ற உயிர் ஒன்று இரண்டானது, அவ்வளவுதான். சிவபெருமான் வந்து கன்றையும் இளவரசனையும் எழுப்பிக் கொடுத்தார் என்றுதான் பெரியபுராணத்தில் கதை முடிகிறது. கதை சொன்னவர்களுக்கே தேர்க்காலோடு நிறுத்த மனம் வரவில்லை.

நம் பக்கத்திலும் குறை உண்டு. மருத்துவமனைக்கு வந்த சபை அம்மா ஒருவர் மூன்றாம் நாளே, "மன்னிச்சிடுங்க அண்ணே, ஆண்டவர் நம்மை மன்னிக்கலையா" என்றார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு அப்போது எழுந்து உட்காரக்கூட முடியாது. என்ன நடந்தது என்று யாரும் கேட்கும் முன்பே மன்னிப்பைக் கேட்டு வாங்குவது அன்பு இல்லை, ஜோயல். அடிபட்டவன் வாயை அடைப்பதுதான் அது.

சரி, இப்போது நடந்ததைச் சொல்கிறேன். போன வருடம், சிறை ஊழியம் செய்யும் போதகர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அந்தப் பையன் என்னைப் பார்க்க விரும்புவதாகச் சொன்னார். இப்போது அவனுக்கு முப்பது தாண்டிவிட்டது, ஏர்கான் பழுதுபார்க்கிறான். "வேண்டாம் என்றால் வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை, நான் மறுபடி வரமாட்டேன்" என்றார் போதகர். நான்கு மாதம் நான் பதில் சொல்லவில்லை. சம்மதித்த பிறகும் அவர் உடனே அவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடவில்லை. மூன்று முறை தனியாக வந்து என்னிடம் பேசினார். என்ன கேட்க வேண்டும், அவன் பதில் பிடிக்காவிட்டால் என்ன செய்வீர்கள், பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்றெல்லாம் கேட்டார். "அவன் அழுதால் நீங்கள் தேற்ற வேண்டியதில்லை" என்றும் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

இந்த வழி எங்கிருந்து வந்தது என்று அவர்தான் விளக்கினார். கனடாவில் எல்மைரா என்ற சின்ன ஊர். 1974-இல் ஒரே ராத்திரியில் இரண்டு இளைஞர்கள் குடித்துவிட்டு 22 இடங்களில் சேதம் செய்தார்கள். கார் டயர்களைக் கிழித்தார்கள், ஜன்னல்களை உடைத்தார்கள். மார்க் யான்ட்சி என்ற நன்னடத்தை அதிகாரி மெனோனைட் சபையைச் சேர்ந்தவர். இவர்களை அந்த வீடுகளுக்கே கூட்டிக்கொண்டு போனால் என்ன என்று அவர் நீதிபதியிடம் சொல்ல, முதலில் தயங்கிய நீதிபதி பிறகு ஒத்துக்கொண்டார். இருவரும் கதவு கதவாகத் தட்டி, நாங்கள்தான் செய்தோம் என்று சொன்னார்கள். நஷ்டத்தைக் கேட்டு, சில மாதங்களில் பணத்தைக் கட்டினார்கள். சிறையில் நாள் எண்ணுவதைவிடப் பக்கத்து வீட்டுப் பாட்டியின் முகத்தைப் பார்ப்பது கஷ்டம் என்று நான் நினைக்கிறேன்.

நீ இருக்கும் நியூசிலாந்திலேயே 1989-இல் இதைச் சட்டமாக்கிவிட்டார்கள். சின்னப் பிள்ளைகள் குற்றம் செய்தால் குடும்பம், அடிபட்டவர், போலீஸ் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து, அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். மாவோரி மக்களின் வழக்கம் அதற்குப் பின்னால் இருக்கிறது. இங்கேயும் இளையர் நீதிமன்றத்தில் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசும் ஏற்பாடு உண்டு. ஆனால் பதினேழு வயதில் அவன் அந்த எல்லையைத் தாண்டியிருந்தான்.

அவன் வந்தான். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். நான் மன்னிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. "நோட்டை என்னப்பா செய்தே?" என்றுதான் கேட்டேன்.

பணம் இருக்குமோ என்று பாலத்தடியில் நின்று திறந்து பார்த்தானாம். உள்ளே பேரும் கணக்குமாக இருந்ததாம். "லாரி செல்வம், அரிசி, 12.50" என்ற வரி இன்னும் நினைவிருக்கிறது என்றான். பயந்து கால்வாயில் எறிந்துவிட்டான். நான் எழுந்து சமையலறைக்குப் போய் அழுதேன். அந்தக் கணக்கு உண்மை, ஜோயல். செல்வம் மருத்துவமனையில் கொடுத்தது அதே பன்னிரண்டரை வெள்ளிதான். திரும்பி வரும்போது ஏன் காப்பி போட்டேன் என்று எனக்கே தெரியாது. கை தானாகச் செய்தது.

பயிற்சி நிலையத்தில் என்ன யோசித்தாய் என்று கேட்டேன். "எப்ப வெளிய போவேன்னு மட்டும்தாம்மா. ஐயாவைப் பத்தி நினைக்கவே இல்லை. அங்க யாரும் ஐயாவைப் பத்திக் கேட்கலை" என்றான். அதை அவன் சாக்காகச் சொல்லவில்லை. வெளியே வந்து சில வருடம் கழித்து, நம் புளோக்கின் கீழே அப்பா ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்ததைத் தூரத்தில் நின்று பார்த்தானாம். பக்கத்தில் வரத் தைரியம் இல்லாமல் திரும்பிவிட்டான். அன்று வந்திருக்கலாமே என்று கோபமாகவே சொன்னேன். 2018-இல் அப்பா கண்ணை மூடும் முன்னால் வந்திருந்தால் அவருக்குப் பதில் கிடைத்திருக்கும். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். அந்தக் கோபம் இன்னும் எனக்குப் போகவில்லை.

இப்போது பணத்துக்கு வருகிறேன். அதுதான் உன்னை அதிகம் சுட்டது என்று தெரியும். மாதம் 150 வெள்ளி கொண்டுவந்து கொடுக்கிறான். வாங்க வேண்டாம், பெரிய மனசோடு விட்டுவிடுங்கள் என்று சபையில் இரண்டு பேர் சொன்னார்கள். நான் வாங்கிக்கொள்கிறேன். வரி வசூலித்துப் பணம் சேர்த்த சகேயுவின் கதையைத் திரும்பப் படித்துப் பார். இயேசு அவனிடம் பணத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை, உன் வீட்டுக்கு வருகிறேன் என்றுதான் சொன்னார். "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்று எழுந்து நின்று சொன்னது சகேயுதான். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்கிறார் ஆண்டவர். பணத்தை நான் மறுத்தால், அவன் எழுந்து நிற்க இருக்கும் ஒரே இடத்தையும் பிடுங்கிக்கொள்கிறேன் என்று அர்த்தம்.

பவுல் பிலேமோனுக்கு எழுதிய நிருபத்திலும் கடன் ஒழிந்து போகவில்லை. பிலேமோனின் அடிமை ஒநேசிமு ஏதாவது பாக்கி வைத்திருந்தால் "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்கிறார். குடும்ப ஜெபத்தில் இந்த வசனம் வரும்போது அப்பா ஒரு நிமிடம் நிறுத்துவார். கடை வைத்தவருக்குத்தான் அந்த வரியின் கனம் தெரியும். யாரோ ஒருவர் பேரில் அதை எழுதித்தான் ஆக வேண்டும்.

உன் பெரிய மாமா விஷயம் தெரிந்ததும் நம் சிங்கப்பூரின் புலாவ் செனாங் தீவைச் சொல்லித் திட்டினார். 1960-இல் அந்தத் தீவில் குண்டர்களை அடைக்காமல், வேலை கொடுத்துத் திருத்தப் பார்த்தார்கள். டேனியல் டட்டன் என்ற கண்காணிப்பாளர் காவலர்களுக்குத் துப்பாக்கி வேண்டாம் என்று நம்பினார். 1963 ஜூலை 12 அன்று அவரையே கொன்றுவிட்டார்கள். 18 பேரைத் தூக்கில் போட்டார்கள். "இளகிப்போனா இதுதான் கதி" என்றார் மாமா. அதை நான் லேசாகத் தள்ளவில்லை, டட்டனுக்காக மனம் வருந்துகிறது. ஆனால் அந்தத் தீவில் ரோடு போட்டார்கள், வீடு கட்டினார்கள். அவர்களால் அடிபட்டவர் ஒருவரும் அங்கே இல்லை. அவர்களில் பலர் விசாரணையே இல்லாமல் அங்கே அனுப்பப்பட்டவர்கள். என்ன செய்தாய், யாருக்குச் செய்தாய் என்ற கேள்விக்கு வேலை பதிலாகாது. ஆபத்தானவர்களை அடைத்து வைக்கத்தான் வேண்டும். சிறையே கூடாது என்று நான் சொல்லவில்லை. அடைத்ததோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கடைசியாக, எனக்கு எழுதக் கஷ்டமான விஷயம். தென்னாப்பிரிக்காவில் உண்மை அறியும் ஆணையம் வைத்து, முழு உண்மையையும் சொன்னவர்களுக்குப் பொதுமன்னிப்பு கொடுத்தார்கள். பேராயர் டுட்டு தலைமை. நிறவெறி ஆட்சியை எதிர்த்துப் போலீஸ் காவலில் உயிரிழந்த ஸ்டீவ் பிகோவின் குடும்பம் அதை ஏற்காமல் 1996-இல் நீதிமன்றம் போனது. வழக்கில் தோற்றார்கள். ஆனாலும் அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. தன் மகனுக்கு நேர்ந்ததை இன்னொருவர் மன்னிக்க முடியுமா? நீ போனில் சொல்ல வந்ததும் இதுதான் என்று இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. நீ படிப்பை விட்டாய். இருபது வயதில் குடும்பத்தைத் தூக்கினாய். அவனிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். அவனுக்கு அது தெரியவே தெரியாது. கேட்டதும் வெகுநேரம் பேசவில்லை. உன் சார்பில் நான் எதையும் தள்ளுபடி செய்யவில்லை, ஜோயல். எனக்கு அந்த உரிமை இல்லை.

அவன் சபைக்கு வருகிறானா என்று கேட்டாய். இல்லை. நான் கூப்பிடவும் இல்லை.

புது நோட்டு ஒன்று வாங்கி எழுதி வருகிறேன். ஏழு தவணை வந்திருக்கிறது, 1,050 வெள்ளி. பாக்கி 1,260. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு மாலை நாலு மணிக்கு வருவான். டிசம்பரில் நீ வரும்போதும் ஒரு முதல் ஞாயிறு இருக்கும். நீ இருந்து அவனைப் பார்க்க நினைத்தால் போதகரிடம் சொல்கிறேன். அவர் முதலில் உன்னோடு தனியாகப் பேசுவார். பார்க்க வேண்டாம் என்றால் அந்த மாதம் அவனை வேறு நாளில் வரச் சொல்லிவிடுகிறேன். எதுவானாலும் டிக்கெட் எடுப்பதற்கு முன் சொல்.

பிள்ளைக்கு என் முத்தம். மருமகளை நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அம்மா