செயலாளர் ஆண்டறிக்கை: மஞ்சள் கூட்டு விற்பனையும் பங்குக் கணக்கும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஆண்டு முழுக்க அதிகம் கேட்கப்பட்ட கேள்வி "என் பங்கு எப்படி வந்தது?" என்பதுதான். அதற்கான விளக்கமே இது.

கூட்டாக விற்ற மஞ்சள் பணத்தை மூட்டைக் கணக்கில் பிரிப்பது தவறு. மூட்டைக்கு மூட்டை எடை மாறும். மொத்த எடையில் பிரிப்பதும் சரியாகாது. விரல் போல நீண்டிருக்கும் விரலி மஞ்சளுக்கு ஒரு விலை, உருண்டையாக இருக்கும் கிழங்கு மஞ்சளுக்கு ஒரு விலை. புரிவதற்காக விலையையும் எடையையும் முழு எண்ணாக வைத்துக்கொள்வோம். மேட்டுத்தோட்டத்தார் விரலி 8 குவிண்டால், கிழங்கு 2. கிழக்குத்தோட்டத்தார் விரலி 6, கிழங்கு 6. பள்ளத்தோட்டத்தார் விரலி 6, கிழங்கு 2. விரலி குவிண்டால் 12,000 ரூபாய், கிழங்கு 10,500. வரவு 3,45,000. வண்டி வாடகை, ஏத்துக்கூலி, இறக்குக்கூலி 6,000. மிச்சம் 3,39,000.

இதை 30 குவிண்டாலுக்கும் ஒரேயடியாக வகுத்தால் குவிண்டாலுக்கு 11,300. கிழக்குத்தோட்டத்தாருக்கு 1,35,600 போகும். ரகவாரியாகப் போட்டால் அவருக்கு 1,35,000. குவிண்டாலுக்கு 200 வீதம் 12 குவிண்டாலின் செலவு 2,400 போக 1,32,600தான். கூடுதலாகப் போன 3,000, மேட்டுத்தோட்டத்தாரின் 2,000, பள்ளத்தோட்டத்தாரின் 1,000. யாரும் திருடவில்லை, வகுத்த விதம்தான் தப்பு. செலவை மட்டும் எடைப்படி பிரிக்கலாம். வண்டிக்கு விரலியும் கிழங்கும் ஒரே பாரம்தான்.

அடுத்தது ஈரம். நன்றாகக் காய்ந்த விரலி முறித்தால் 'டக்'கென்று உடையும். வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. குடோனில் இருக்க இருக்க அந்த மூட்டை எடை இறங்கும். அந்தக் குறைவை எல்லார் தலையிலும் கட்டினால், களத்தில் ஒழுங்காகக் காயவைத்தவர் ஈரத்தோடு கொண்டுவந்தவருக்குக் கப்பம் கட்டுகிறார். ஆகவே வந்த அன்றும் விற்பனைக்கு முந்தின நாளும் இரண்டு முறை எடை, இரண்டாவதுதான் கணக்கு. சாக்கு எடையைக் கழித்துவிட்டே எழுத வேண்டும். சாக்கில் உறுப்பினர் எண்ணைப் பெயின்டில் போட்டிருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். சாக்பீஸ் எழுத்து இறக்குவதற்குள் அழிந்துவிடுகிறது.

மறைமுக ஏலத்தில், அதாவது ஒருவர் விலை இன்னொருவருக்குத் தெரியாமல் கேட்கும் ஏலத்தில், வியாபாரி மாதிரியைப் பார்த்துத்தான் விலை எழுதுகிறார். பாலிஷ் போடாத ஒரு மூட்டை கலந்தாலும் குவியல் முழுக்க விலை இறங்கலாம். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் விவசாயிக்குக் கமிஷன் பிடித்தம் கிடையாது. சந்தைக் கட்டணம் வாங்குபவரைச் சேர்ந்தது. பங்குச் சீட்டில் கமிஷன் என்று ஒரு வரி இருந்தால் கேளுங்கள்.

வரும் பருவத்துக்கு ஒரு தீர்மானம் முன்வைக்கிறேன்: எடைச்சீட்டு இரண்டு பிரதி, உறுப்பினர் கையொப்பத்துடன், ஒன்று அவரிடமே இருக்கட்டும்.